ஏழு குட்டிகளுக்கு ஒரு பெட்டி

"இந்த நாத்தத்துல எப்படிங்க இருக்கீங்க?"

போன வருஷம் அண்ணா நகரிலிருந்து நாய்க்குட்டி வாங்க வந்த ஒரு அம்மா பிலோமியிடம் இப்படிக் கேட்டாள். காரிலிருந்து இறங்கும்போது மூக்கில் வைத்த கைக்குட்டையை அவள் கடைசிவரை எடுக்கவே இல்லை. பிலோமி தலையைத் திருப்பி நிஜமாகவே மோந்து பார்த்தாள். காலையில்தான் தரையைத் துடைத்து, நாய்ப் பாயை அலசிக் காயப் போட்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா நாத்தம்?" என்று கேட்டாள்.

அந்தப் பதில் சந்து முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டு ரஹீமுன்னிசா அன்றிலிருந்து பிலோமியைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த நாத்தத்துல எப்டிங்க கீறீங்க?" என்பாள். பிலோமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா நாத்தம்?" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ராயபுரத்தில் கடல் பக்கம் இறங்குகிற சந்து அது. அங்கே இருக்கிறவர்களுக்கு நாற்றம் என்பது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்கிற ஒரு சேதி, அவ்வளவுதான். கருவாடு அடித்தால் மீன்பிடித் துறைமுகத்துக் காற்று. டீசலும் துருவும் கலந்து வந்தால் லாரிகள் ரோட்டில் நிற்கின்றன. வடக்கே கம்பெனிகள் இருக்கிற பக்கமிருந்து காற்று திரும்பினால் அழுகின முட்டை மாதிரி, சில நாள் பெயின்ட் மாதிரி, சில நாள் பெயர் சொல்லத் தெரியாத ஒரு காரமாக வரும். அதற்குப் பெயர் கேஸ். கேஸ் வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும்.

பிலோமி பத்து வருஷமாக நாய் வளர்த்துக் குட்டி விற்கிறாள். ஒற்றை அறை, அதைத் தாண்டி அடுப்படி, பின்னால் பாத்ரூம். இதற்குள் ஒரு லேப்ரடார் நாயை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளிக்கிறாளோ என்று ஆச்சரியப்படாதவர்கள் இல்லை. அந்த வட்டாரத்தில் யார் வீட்டு நாய்க்குப் பிரசவம் என்றாலும் பிலோமியைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சில்லாமல் விழுந்த குட்டியைத் துண்டில் சுற்றித் தலைகீழாகப் பிடித்து, மூக்கில் அடைத்த சளியை உறிஞ்சித் துப்பி, முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழ வைத்துவிடுவாள். "அது கை இல்லக்கா, ஹீட்டர்" என்பாள் ரஹீமுன்னிசா.

இப்போது இருக்கிற சோஃபிக்கு இது மூன்றாவது ஈற்று. தை மாசத்துப் பனியில் ஏழு குட்டிகள் போட்டது. ஏழும் ஒன்றுபோல மஞ்சளாக இருந்ததால் அடையாளத்துக்குக் கழுத்தில் வெவ்வேறு நிறத்தில் உல்லன் நூல் கட்டினாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு, ரோஸ். கண் திறக்கிறவரை வேறு பேர் கிடையாது. நூலின் நிறம்தான் பேர்.

குட்டிகளுக்கென்று இந்தத் தடவை புதுப் பெட்டி. அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் கன்டெய்னர் யார்டில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தான். அங்கே கழித்துப்போடுகிற பேக்கிங் கட்டைகளை ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அந்தச் சந்தில் பாதி வீட்டுக் கதவும் அலமாரியும் பேக்கிங் கட்டைதான். ரஹீமுன்னிசாவின் மசாலா ஷெல்ஃபில் சீன எழுத்து இருக்கும். சைக்கிள் கடைப் பலகையில் மேல்நோக்கி இரண்டு அம்புக்குறி இருக்கும். ஸ்டானிஸ்லாஸ் கொண்டுவந்த கட்டையில் மழையில் நனையக் கூடாது என்பதற்கான குடைப் படம் கறுப்பு மையில் குத்தியிருந்தது. தடித்த, முடிச்சில்லாத, நல்ல பலகை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து இழைத்தான். தாய் புரண்டு படுக்கும்போது குட்டி நசுங்காமலிருக்க உள்ளே சுற்றிலும் ஓரக்கட்டை வைத்தான். பல்பு தொங்கவிடக் கொக்கி வைத்தான். "மனுசன் பிள்ளைக்குக்கூட இப்டி யாரும் செய்ய மாட்டாங்கயா" என்றாள் பிலோமி.

"அதுக்கும்தான் செஞ்சிகினு கீறனே" என்றான் அவன்.

மீதிப் பலகையில் அவன் செய்துகொண்டிருந்தது தொட்டில். மகள் ஜூடி விம்கோ நகரில் மாமியார் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று மாமியார்க்காரி சொல்லிவிட்டாள். "நாய் முடி பறக்குற வூட்ல பச்சப்புள்ளய எப்டிமா உடுறது?" அந்தச் சொல் பிலோமிக்கு நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றிருந்தது. பெண் குழந்தை பிறந்ததும் ஸ்டானிஸ்லாஸ் தொட்டிலைத் தலையில் தூக்கி வந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஒண்டிக்கொண்டு போய் இறக்கினான். குடைப் படத்தை அவன் இழைத்து எடுக்கவில்லை. அழகாக இருக்கிறதென்று முன்பக்கமாக வைத்திருந்தான். அந்த மாமியாரே தடவிப் பார்த்து, "சோக்கா கீது சம்மந்தி" என்றாளாம். அதை அவன் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

குட்டி போட்ட முதல் இரண்டு நாள் எந்தக் குறையும் இல்லை. பெட்டிக்கு மேலே நூறு வாட் பல்பு எரிந்தது. அடியில் சாக்கு, அதன்மேல் பேப்பர், அதன்மேல் பழைய நைட்டித் துணி. ஏழும் வரிசையாகப் பால் குடித்தன.

மூன்றாம் நாள் காலையில் பிலோமி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது சோஃபி சிவப்பை வாயில் கவ்விக்கொண்டு அடுப்படியைக் கடந்து போனது. பாத்ரூம் மூலையில், வாளிக்குப் பின்னால், ஈரத் தரையில் வைத்தது. திரும்பிப் போய் நீலத்தைக் கவ்வி வந்தது.

"ஏய், லூசு" என்று பிலோமி இரண்டையும் பிடுங்கித் துடைத்துப் பெட்டியில் விட்டாள். சோஃபி மறுபடி கவ்வியது. மறுபடி விட்டாள். மத்தியானத்துக்குள் பதினோரு தடவை ஆயிற்று. குளிர்ந்துபோன குட்டி பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் சோஃபியின் சங்கிலியை எடுத்துப் பெட்டியின் ஓரக்கட்டையில் கட்டிவிட்டாள். படுக்கலாம், பால் கொடுக்கலாம், எழுந்து போக முடியாது.

சோஃபி படுத்தது. தலையை மட்டும் பெட்டிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் அறைக்குள் லேசாக ஒரு காரம் அடித்தது. "கேஸ் உட்டுட்டானுங்க" என்று பிலோமி ஜன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்தாள்.

நாலாம் நாள் பச்சை கத்த ஆரம்பித்தது. பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை. கடற்காக்கை கத்துவது மாதிரி விடாமல் ஒரே சுரத்தில் கத்தியது. மடியில் போட்டுத் தேய்த்தாள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தாள். நாக்கில் குளுக்கோஸ் தடவினாள். கையில் இருக்கிறவரை ஓரளவு தெளியும். சரி, உடம்பு சூடாகிவிட்டது, தாயிடம் விடலாம் என்று பெட்டியில் வைப்பாள். மறுபடி கத்தும். பிறகு கத்தலை நிறுத்திவிட்டது. தூங்குகிறது என்று நினைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டபோது விறைத்திருந்தது.

"ஏழு போட்டா ஒன்னு போவறதுதான்க்கா" என்றாள் ரஹீமுன்னிசா. அவள் கடைகளுக்குச் சமோசா மடிக்கிற மெல்லிய மாவுப் பட்டி சுட்டுக் கொடுக்கிறவள். விரல் நுனிகளில் எப்போதும் மாவு இருக்கும். "எங்கம்மாக்கு ஒம்போது. நாங்க நாலு பேருதான் கீறோம்."

"எங்கிட்ட போனதில்லமே. பத்து வருசத்துல பொறக்கும்போதே செத்தது கீது. பால் குடிச்சது செத்ததில்ல."

ஐந்தாம் நாள் மஞ்சளும் வெள்ளையும் போயின. பிலோமி பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் தானே சோறு வடித்து, நெத்திலிக் கருவாட்டை வறுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான்.

"துன்னுமே. நீ பட்னி கெடந்தா அது பொழச்சுக்குமா?"

"கை வெச்சா பொழைக்கிது. கீழ உட்டா சாவுது. இன்னாயா இது?"

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். "பனி ஜாஸ்தி" என்றான். "பல்ப இன்னும் கொஞ்சம் எறக்கி உடு." அவனே நாற்காலியில் ஏறி வயரை ஒரு சாண் இறக்கிவிட்டான்.

ஜூடி தினம் இரண்டு வேளை போன் செய்வாள். குழந்தைக்குப் பிறந்தபோது லேசாக மஞ்சள் காமாலை. காலை வெயிலில் காட்டச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்ததால் தொட்டிலைப் பால்கனி ஓரமாகப் போட்டிருந்தாள்.

"தொட்டில்ல போட்டாலே கத்துதும்மா. தூக்கினா நிறுத்திடுது. கீழ உட்டா திரும்பவும் கத்தல். தோள் வலிக்குது எனக்கு."

"கைச்சூடு பழக்கிட்ட நீ. கத்தட்டும் உடு. ரெண்டு நாள் கத்தும், அப்புறம் படுத்துக்கும்."

"மாமியார் வேற, உங்கப்பன் செஞ்ச தொட்டிலு புள்ளைக்கு ஆவலன்னு சொல்லிக்காட்றாங்க."

"அவ கெடக்கறா! அதுக்கோசரமே தொட்டில்ல போடு. பேஜாரு புடிச்ச பொம்பள."

ஆறாம் நாள் தண்டையார்பேட்டையிலிருந்து நாலா பக்கமும் வண்டி ஓட்டிப் போய் நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நீலா வந்தாள். சின்ன வயசு. ஹெல்மெட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தவள் கண்ணைச் சுருக்கினாள்.

"பினாயில் ஊத்திக் கழுவினீங்களாம்மா?"

"குட்டி கீற வூட்ல பினாயில் ஊத்துவனா? வெறும் சுடு தண்ணிதான்."

"பெயின்ட் ஏதாவது அடிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். அது வெளிய. கேஸ். நாலு நாளா உட்டுகினு கீறானுங்க."

நீலா தலையாட்டினாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். கறுப்பைப் புரட்டி வயிற்றைப் பார்த்தாள். தோல் சிவந்திருந்தது. தொற்றாக இருக்கலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தாள். சோஃபியின் கண் கலங்கி நீர் வடிவதைப் பார்த்து, "இதை ஏன் கட்டி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"குட்டிய கவ்வினு ஓடுது டாக்டர். அதுக்குப் புத்தி பெசகிடுச்சு."

டாக்டரின் வண்டி சந்து முனையைத் தாண்டுவதற்குள் கறுப்பு இறந்துவிட்டது.

ஏழாம் நாள் காலை ரோஸ் போனது. அதுதான் இருந்ததிலேயே குண்டு. பிலோமி அழவில்லை. நூலைக் கத்தரித்துச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மற்ற நாலு நூலோடு மாட்டினாள். பெட்டியில் சிவப்பும் நீலமும் பாக்கி. சோஃபியின் மடியில் பால் கட்டிக் கல்லாக இருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பீய்ச்சி விட்டாள். சோஃபி அவளைப் பார்க்காமல் பாத்ரூம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜூடி கூப்பிட்டாள். குரலில் ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு இருந்தது.

"நீ சொன்ன மாதிரியே தொட்டில்லயே போட்டுப் பழக்கிட்டேன்மா. நேத்திலேர்ந்து கத்தறதே இல்ல. நல்லா தூங்குது. பால் குடிக்கத்தான் எழுப்ப வேண்டியிருக்கு. ஃபோட்டோ அனுப்பறேன் பாரு."

பாலில் நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பிலோமி படத்தைப் பார்த்தாள். வெயில் விழுந்த தொட்டில். முன்னால் குடைப் படம். குழந்தை கையை விரித்துத் தூங்கியது. ஐந்து நாளில் அவள் முகம் முதல்தடவை இளகியது. "ராசாத்தி" என்று திரையைத் தொட்டாள். "நான்தான் சொன்னன்ல" என்றாள்.

ரோஸைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அலையைத் தடுக்கக் கொட்டிய பெரிய கருங்கற்களுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் மணல் கிடக்கும். தோண்டி, வைத்து, தெருநாய் கிளறாமல் இருக்க மேலே கல் வைத்தாள். ஐந்து கல் வரிசையாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்தாள். கடல் காற்று முகத்தில் அடித்தது. உப்பு வாசம் மட்டும்தான். தூரத்தில் கப்பல்கள் முறைக்காக நின்றன.

திரும்பும்போது ரஹீமுன்னிசா வாசலில் தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டுப் பட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மூக்கைப் பிடிக்கப் போனவள், பிலோமியின் மண் ஒட்டிய கையைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

"ரோஸா?"

"ம்."

"அல்லா. குந்துக்கா, டீ போடறேன்."

"வாணாம்மே. கேஸ் வேற. உள்ள ரெண்டு கீது, கதவ சும்மா சாத்திகினு வந்துட்டேன்."

"இன்னா கேஸு?"

"அடிக்கிதே. நாலஞ்சு நாளா."

ரஹீமுன்னிசா கரண்டியை நிறுத்தினாள். "இன்னாக்கா சொல்றே? பொங்கல்லேர்ந்து கடல் காத்துதான. நான் வாசல்ல குந்திகினு மூணு கிலோ மாவு சுடறேன். கேஸ் வந்தா சுட முடியுமா? மொத இருமல் வரும் எனக்கு. அத்தினி ஜன்னலயும் தொறந்துதான போட்டுகீறேன்."

பிலோமி சந்தில் நின்று மோந்தாள். சுட்ட மாவு வாசம். அதற்கு மேல் உப்பு. வேறு ஒன்றும் இல்லை.

தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். காரம் முகத்தில் அறைந்தது.

கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டாள். பல்பின் சூடு உச்சந்தலையில் பட்டது. குட்டிகளின் மூக்கு இருக்கிற உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோனாள். கண்ணில் நீர் குபுக்கென்று வந்தது. தொண்டை அடைத்தது. இரண்டு குட்டிகளையும் வாரி மடியில் போட்டுக்கொண்டு நைட்டித் துணியை இழுத்தாள். பேப்பரை இழுத்தாள். சாக்கை இழுத்தாள். அடிப்பலகையில் ஒரு கறை இருந்தது. எண்ணெய் கொட்டியது மாதிரி, ஒரு முறம் அகலத்துக்கு. பல்பு சூட்டில் அந்த இடம் மட்டும் லேசாக வேர்த்திருந்தது. தொட்ட விரல் எரிந்தது.

சங்கிலியை அவிழ்த்தாள். சோஃபி ஒரே தாவலில் பாத்ரூமுக்குப் போய் வாளிக்குப் பின்னால் சுருண்டு படுத்து, அவளைப் பார்த்து வாலைத் தரையில் தட்டியது. பிலோமி வேறு கோணிகளைப் போட்டு, வெந்நீர் பாட்டில் வைத்து, சிவப்பையும் நீலத்தையும் அதன் வயிற்றில் விட்டாள். ஜன்னலைத் திறந்தாள். பிறகு பாத்ரூம் கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பதினோரு தடவ" என்றாள். "பதினோரு தடவ சொன்னியேடி."

முதல் ஷிப்ட் முடிந்து ஸ்டானிஸ்லாஸ் வந்தபோது மணி இரண்டரை. பெட்டி கவிழ்ந்து கிடப்பதையும் கறை மேலே இருப்பதையும் வாசலிலேயே பார்த்துவிட்டான். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்காமல் நின்றான்.

"இது இன்னாயா?"

"பிலோமி..."

"தெரியுமா உனக்கு?"

"எண்ணெய்னுதான் நெனச்சேன். ஒரு கன்டெய்னர் பொட்டியில ட்ரம்மு ஒழுகிட்ச்சு. கட்டையெல்லாம் ஓரமா போட்டாங்க. எடுக்காதன்னு ஒருத்தன் சொன்னான். எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன். நல்ல பலகமே. ஒரு மாசம் மாடியில காயப் போட்டேன். சோடா போட்டுக் கழுவினேன். நாத்தம் போய்ட்ச்சு."

"சூடு காட்னா?"

அவன் பல்பைப் பார்த்தான். தான் ஒரு சாண் இறக்கிவிட்ட வயரைப் பார்த்தான்.

"மொத குட்டி செத்தப்பவே உனக்குத் தோணல?"

"தோணிச்சு." சுவரைப் பார்த்துச் சொன்னான். "அடியிலதான கீது, சாக்கு போட்டுகீதுன்னு மனச தேத்திகினேன். நீ எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தே, என் புருசன் செஞ்ச பொட்டின்னு."

பிலோமி கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. தன் விரலைப் பார்த்தாள். இன்னும் எரிந்தது.

"நானுந்தான் கட்டிப் போட்டேன்" என்றாள். "ஜன்னல நான்தான் சாத்தினேன்."

பாத்ரூமுக்குள் சிவப்பு பால் இழுக்கிற சத்தம் சின்னதாகக் கேட்டது. நீலத்தின் சத்தம் இல்லை. அது முதலில் விடாமல் கத்தி, மத்தியானம் கத்தலை நிறுத்திவிட்டிருந்தது. பிலோமி எழுந்து பார்க்கப் போனவள் பாதியில் நின்றாள்.

கத்தலை நிறுத்திவிட்டது.

"எத்தினி பலகயில கறை இருந்துச்சு?"

அவன் கறையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யோவ். உன்னத்தான் கேக்கறேன். இது ஒன்னுலதானா?"

அவன் கை தூக்குப் பாத்திரத்தின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தது. பிலோமி போனை எடுத்தாள். காலையில் வந்த படம்தான் முதலில் திறந்தது. வெயில், தொட்டில், குடை, கையை விரித்துத் தூங்குகிற குழந்தை. அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். ஜூடி எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். குழந்தை தூங்கும்போது ஜூடி போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். அப்படி வைக்கச் சொன்னதும் பிலோமிதான்.

"எடுக்கலய்யா. ஜூடி எடுக்கல."

தூக்கு தரையில் விழுந்து உருண்டது. ஸ்டானிஸ்லாஸ் மூலையில் சாத்தியிருந்த ஆணி பிடுங்குகிற கம்பியை எடுத்தான். செருப்பைத் தேடவில்லை. ரஹீமுன்னிசா வாசலிலிருந்து, "இன்னாண்ணே, இன்னா ஆச்சு?" என்று எழுந்ததையும் கவனிக்கவில்லை. யார்டுச் சட்டையோடு, வெறுங்காலோடு, சந்து முனையில் விம்கோ நகர் ஷேர் ஆட்டோ நிற்கிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்.